கைத்துப்பாக்கியை அன்றாடம் சுமப்பவர் பழகிக்கொள்ள வேண்டியவை

உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கியை நாள்தோறும் இடுப்பில் சுமக்கும் ஒருவருக்கு, அதைத் தற்காப்புக்காகச் சுட வேண்டிய நிலை வாழ்நாள் முழுவதும் வராமலே போகலாம். ஆனால் காலையில் அதை எடுத்து அணிவதும் இரவில் கழற்றி வைப்பதும் ஓராண்டில் 700 முறைக்கு மேல் நடந்துவிடும். தோட்டாவை வெளியே எடுக்கும்போது, உறைக்குள் திணிக்கும்போது, துடைப்பதற்காகப் பிரிக்கும்போது, வந்தவருக்குக் காட்டும்போது என்று இந்தச் சாதாரண வேளைகளில்தான் துப்பாக்கி தவறிச் சுடுகிறது. ஆகவே கீழே சொல்லப்படும் பழக்கங்கள் அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: துப்பாக்கியைக் கையில் எடுக்கும் தடவைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும், எடுக்க நேரும் ஒவ்வொரு தடவையும், அவசரமானாலும் அலுப்பானாலும், அதே வரிசையில் அதே செயல்களைச் செய்ய வேண்டும்.

அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாக இருந்து பின்னர் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற ஜெஃப் கூப்பர் (1920–2006) வகுத்த நான்கு விதிகளை உலகெங்கும் பயிற்சியாளர்கள் இன்றும் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாயைத் திருப்பக் கூடாது. குறி இலக்கில் படியும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு எது, அதன் பின்னால் இருப்பது எது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மறந்தாலும் மற்றவை காப்பாற்றிவிடும்படி அமைந்திருப்பதே இவ்விதிகளின் சிறப்பு. தவறிச் சுட்டாலும் குழல்வாய் சரியான திசையில் இருந்திருந்தால் சேதம் சுவரோடு நின்றுவிடும். ஆனால் எந்தச் சுவர் என்பதும் முக்கியம். மெல்லிய பலகைத் தடுப்புகளைக் கைத்துப்பாக்கிக் குண்டு துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். எனவே வீட்டில் ஓர் இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, மணல் நிரப்பிய கனமான வாளி ஒன்றை அங்கே வைத்து, தோட்டாவை நிரப்புவதையும் எடுப்பதையும் அந்த வாளியை நோக்கி மட்டுமே செய்வது நல்லது.

தோட்டாவை எடுக்கும் வரிசை, சிறிய விஷயமாகத் தோன்றினாலும், பல உயிர்கள் தொங்கும் விஷயம். தானாக நிரப்பிக்கொள்ளும் பிஸ்டலில் முதலில் தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். அதன் பிறகே, குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வரிசை மாறினால், ஸ்லைடை இழுத்தபோது ஒரு தோட்டா வெளியே விழும், அதைக் கண்ணால் பார்த்தவர் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்புவார். ஆனால் ஸ்லைடு முன்னுக்குப் போகும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை, குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் தள்ளியிருக்கும். மேகசினைக் கழற்றிய பின் ஸ்லைடைச் சில முறை இழுத்து, பின்னால் நிறுத்தி, தோட்டா அறையை நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பார்க்க வேண்டும். தொட்டுப் பார்ப்பது மிகை என்று நினைப்பவர்கள், கண் தான் எதிர்பார்த்ததையே பார்க்கும் என்பதை நினைவில் கொள்ளலாம். வெளியேறும் தோட்டாவை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. பார்க்க லாகவமாக இருக்கும். கைக்கும் ஸ்லைடுக்கும் நடுவே தோட்டா சிக்கி, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதியான பிரைமர் ஏதேனும் ஒரு முனையில் அடிபட்டால் அது கையிலேயே வெடிக்கும். தோட்டா தரையில் விழட்டும், பொறுக்கிக்கொள்ளலாம். ரிவால்வரில் வேலை எளிது: உருளையைத் திறந்து, குழலை மேல்நோக்கி நிமிர்த்தி, தள்ளுகோலை ஒரே அழுத்தாக அழுத்தி, விழுந்தவற்றை எண்ணி, ஒவ்வொரு துளை வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். திரைப்படங்களில் காட்டுவதுபோல மணிக்கட்டைச் சொடுக்கி உருளையை மூடினால், உருளையைத் தாங்கும் உலோகக் கை வளைந்து, நாளடைவில் அறைகள் குழலோடு நேர்கோட்டில் நில்லாமல் போகும்.

தினமும் இரவில் தோட்டாவை எடுத்துக் காலையில் அதே தோட்டாவை மீண்டும் அறைக்குள் ஏற்றுபவர்கள் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை ஸ்லைடு அடித்து ஏற்றும்போதும் குண்டின் மூக்கு, தோட்டா அறைக்கு முன்னால் உள்ள ஏற்றுச் சரிவில் மோதுகிறது. பல முறை மோதிய பின் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் சிறிது அமிழ்ந்துவிடலாம். உள்ளே இடம் சுருங்கினால் வெடிமருந்து எரியும்போது அழுத்தம் கூர்மையாக ஏறும். சில வகைத் தோட்டாக்களில் அது துப்பாக்கியையே உடைக்கும் அளவுக்குப் போகும். பரவலாகப் பயன்படும் 9 மி.மீ. தோட்டாவின் உச்ச நீளம் 29.69 மி.மீ.; தொழிற்சாலைகள் இதைவிடச் சற்றுக் குறைவான நீளத்தில்தான் தயாரிக்கின்றன. எனவே விதிப்புத்தகத்து அளவோடு ஒப்பிடுவதைவிட, அதே பெட்டியிலிருந்து எடுத்த புதிய தோட்டாவை மேசையில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதே சரியான சோதனை. குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடக் கூடாது. ஒதுக்கி வைத்துச் சுடுதளத்திலோ விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும்.

இதற்குத் தீர்வாக நான் பரிந்துரைப்பது, சட்டம் அனுமதிக்கும் இடங்களில், துப்பாக்கியை உறையிலிருந்து உருவாமல் உறையோடு சேர்த்தே இடுப்பிலிருந்து கழற்றி, அப்படியே பூட்டிய பெட்டகத்துக்குள் வைப்பதுதான். விசை உறைக்குள் மறைந்தே இருக்கும், தோட்டாவும் அடிபடாது, கையாளும் வேலை பாதியாகக் குறையும். ஆனால் தோட்டா இல்லாமல்தான் வைக்க வேண்டும், தோட்டாக்களைத் தனியே பூட்ட வேண்டும் என்று நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் சொன்னால், அங்கே விவாதத்துக்கு இடமே இல்லை.

உறையைப் பற்றி

துப்பாக்கிக்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்குப் பார்க்காதவர்கள் உறையில் சிக்கனம் பிடிப்பது ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை. நல்ல உறை விசையையும் அதன் வளையத்தையும் முழுமையாக மூடும். வெளியிலிருந்து விரலோ பொருளோ விசையை எட்ட முடியாது. துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் சுருங்காமல் விறைப்பாக நிற்கும். பழகித் தொய்ந்த தோல் உறையின் ஓரம் உள்நோக்கி மடிந்து, துப்பாக்கியைத் திருப்பி வைக்கும்போது விசை வளையத்துக்குள் புகுந்து விரலைப் போலவே விசையை அழுத்திவிடும். சட்டையின் நுனியும், மேலாடைகளில் தொங்கும் இழுநாடாவின் முடிச்சும் இதே வேலையைச் செய்யும். ஆகையால் துப்பாக்கியை எடுப்பது வேகமாக இருக்கலாம். திருப்பி வைப்பது எப்போதும் மெதுவாக, ஆடையை மறு கையால் ஒதுக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலைத் துப்பாக்கியின் உடற்சட்டகத்தின் பக்கவாட்டில் நீட்டி வைத்துச் செய்ய வேண்டிய வேலை. சிறிதளவு தடை உணர்ந்தாலும் அழுத்தித் தள்ளக் கூடாது, வெளியே எடுத்துக் காரணத்தைப் பார்க்க வேண்டும். வயிற்றின் முன்புறம் சுமப்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும், ஏனெனில் அங்கே குழல்வாய் நோக்குவது தொடையின் பெரிய இரத்தக் குழாயை.

உறை தளராமல் நிற்க விறைப்பான பெல்ட்டும் வேண்டும். கழிப்பறை செல்லும்போது துப்பாக்கியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியின் மேலோ கொக்கியிலோ வைத்துவிட்டு மறந்து வந்தவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு, காவலர்கள் உட்பட. துப்பாக்கி உறையை விட்டு வெளியே வராமல் இருப்பதே இதற்கு ஒரே மருந்து. கை நழுவித் துப்பாக்கி கீழே விழுந்தால், அதைப் பிடிக்கப் பாயக் கூடாது. அடிக்கும் ஊசியைத் தடுக்கும் அமைப்புள்ள நவீனத் துப்பாக்கிகள் விழுந்தால் பெரும்பாலும் சுடாது. அந்தரத்தில் பிடிக்கப் போகும் விரல்தான் விசையில் மாட்டும். அத்தகைய அமைப்பு இல்லாத பழைய ரிவால்வர்களில் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டுச் சுமப்பதே மரபு.

வைப்பு

ஒளித்து வைப்பது வேறு, பாதுகாப்பாக வைப்பது வேறு. அலமாரியின் உச்சி, தலையணையின் அடி, உள்ளாடைகளின் நடுவே என்று பெரியவர்கள் தேர்ந்தெடுக்கும் மறைவிடங்கள் எல்லாம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. விசையை ஒரு விரலால் அழுத்த வலுவில்லாத குழந்தை, துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து இரு கட்டைவிரல்களாலும் அழுத்தும். அப்போது குழல்வாய் எந்த முகத்தை நோக்கியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே துப்பாக்கி இருக்க வேண்டிய இடங்கள் இரண்டே: உங்கள் உடலில், உங்கள் கட்டுப்பாட்டில், அல்லது பூட்டிய பெட்டகத்துக்குள். நடுவே மேசை மேல், வண்டியின் முன்னறையில், "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று மூன்றாவது இடம் கிடையாது. காரில் வைத்துவிட்டுப் போகும் துப்பாக்கி திருடர்களுக்கு எளிதில் கிடைக்கும் பொருள்; தவிர்க்கவே முடியாதபோது, இருக்கையின் எஃகுச் சட்டத்தோடு கம்பிக் கயிற்றால் பிணைத்த பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும்.

விரைவில் திறக்க வேண்டியிருப்பவர்களுக்குப் பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் சிறு பெட்டகம் ஏற்றது. அதைத் தரையிலோ கனமான மரச்சாமான்களிலோ ஆணியடித்துப் பிணைக்காவிட்டால், திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். பிறந்த தேதியைக் குறியீடாக வைக்கக் கூடாது. மின்கலத்தைக் குறித்த ஒரு நாளில் ஆண்டுதோறும் மாற்றிவிட வேண்டும். சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி பொருத்தியிருந்தால் அதன் மின்கலத்தையும் அன்றே மாற்றிவிடலாம். மின்கலம் தீர்ந்தபோது திறப்பதற்கான மாற்றுச் சாவி, பெட்டகத்துக்குப் பக்கத்து இழுப்பறையில் கிடந்தால் பெட்டகம் இருந்தும் பயனில்லை. துப்பாக்கியின் வரிசை எண்ணையும் உரிம எண்ணையும் தனியே ஓரிடத்தில் எழுதி வைத்திருப்பது, களவு போனால் காவல்துறையிடம் உடனே தெரிவிக்க உதவும்.

இன்னொன்றை வெளிப்படையாகவே எழுத வேண்டும். வீட்டில் யாரேனும், அது நீங்களாகவே இருந்தாலும், கடும் மனச்சோர்விலோ துக்கத்திலோ குடிப்பழக்கத்தின் பிடியிலோ இருக்கும் காலத்தில் பூட்டு மட்டும் போதாது. தற்கொலை எண்ணம் பல நேரங்களில் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடக் கூடியது. மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள், துப்பாக்கியால் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கியைச் சட்டப்படி வீட்டுக்கு வெளியே ஒப்படைத்து வைக்க என்ன வழி என்பதை நல்ல நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குடித்திருக்கும் வேளையில் துப்பாக்கி பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

ஈரப்பதம் இரும்புக்குப் பகை. பெட்டகத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவை நீரை உறிஞ்சி நிறைந்ததும் சூடாக்கிக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். தோல் உறையில் ஓரிரவு இருந்தால் பெரிய கேடில்லை, ஆனால் வாரக்கணக்கில் வைக்கக் கூடாது: தோல் வியர்வையையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைப் பதனிட்ட உப்புகளும் அமிலங்களும் உலோகத்தில் புள்ளி புள்ளியாகத் துருவைத் தோற்றுவிக்கும்.

பராமரிப்பு

உடலோடு ஒட்டிச் சுமக்கும் துப்பாக்கி, சுடப்படாமலே அழுக்காகும். ஆடைப் பஞ்சு குழல்வாயிலும் சுத்தியலின் இடுக்கிலும் குறிகளின் ஓரத்திலும் படியும். வியர்வையின் உப்பு ஸ்லைடின் மேல் கைரேகை வடிவிலேயே துருவாகும். வெளிப்பகுதியை எண்ணெய் ஒற்றிய துணியால் துடைப்பதற்கு வாரம் ஒரு முறை போதும், வெயில் காலத்தில் அதைவிட அடிக்கடி. மாதம் ஒரு முறை பிரித்துப் பார்ப்பதும், சுட்டுவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வதும் போதுமானவை. ஆர்வத்தில் தினமும் பிரிப்பவர், தொடும் தடவைகளைக் காரணமின்றிக் கூட்டிக்கொள்கிறார்.

சுத்தம் செய்ய உட்காரும் முன் தோட்டாக்கள் அனைத்தையும், மேகசினில் உள்ளவை உட்பட, வேறு அறைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். சில பிஸ்டல்களைப் பிரிப்பதற்கு விசையை அழுத்தியே ஆக வேண்டும். 1982-இல் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட வகையைச் சேர்ந்த கிளாக் துப்பாக்கிகள் அப்படிப்பட்டவை. தோட்டா அறை காலி என்று சோதிக்க மறந்தவர் அந்த நொடியில்தான் அகப்படுகிறார். எனவே அழுத்துவதற்கு முன் மீண்டும் ஒரு முறை பார்த்து, வாளியை நோக்கியே அழுத்த வேண்டும்.

குழலைத் தோட்டா அறையின் பக்கமிருந்து முன்வாயை நோக்கிச் சுத்தம் செய்வது நல்லது. முதலில் கரைப்பான் நனைத்த துணித்துண்டு, சில நிமிடம் ஊறிய பின் வெண்கலத் தூரிகை, பிறகு துணி வெள்ளையாகவே வெளிவரும்வரை உலர்ந்த துண்டுகள். எண்ணெயைப் பொறுத்தவரை தேவைக்கு மேல் போடுவதே பலரின் தவறு. ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒவ்வொரு துளி, குழலின் வெளிப்பக்கத்தில் தேய்மானம் பளபளப்பாகத் தெரியும் இடங்களில் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். அடிக்கும் ஊசி ஓடும் குழிக்குள் எண்ணெய் விட்டால் அது தூசியோடு சேர்ந்து பிசினாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். தோட்டா அறையிலும் மேகசினிலும் விட்டால் பிரைமருக்குள் ஊறித் தோட்டாவையே செயலற்றதாக்கலாம். ரிவால்வர் வைத்திருப்பவர்கள் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியைத் தவறாமல் துலக்க வேண்டும்: எரியாத மருந்துத் துகள் நாலைந்து அங்கே சிக்கினாலே உருளை சுழல மறுக்கும்.

மேகசின்களுக்கு எண்ணிட்டு வைத்தால், சிக்கல் தருவது எது என்று உடனே தெரியும். தோட்டா நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று வாரந்தோறும் மாற்றி மாற்றி நிரப்புவோர் உண்டு. நல்ல ஸ்பிரிங்கைத் தேய்ப்பது அழுந்தியே இருப்பதல்ல, திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதுதான். சுமக்கும் தோட்டாக்களை ஆண்டுக்கு ஒரு முறை சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை நிரப்புவது நல்ல வழக்கம். அதே தோட்டாக்கள் அதே துப்பாக்கியில் தடங்கலின்றி ஓடுகின்றனவா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பயிற்சி

தோட்டா இல்லாமல் வீட்டில் செய்யும் வெற்றுப் பயிற்சியே திறமையில் பெரும்பகுதியைத் தரும். கவனக்குறைவு ஏற்பட்டால் பெருந்தீங்கைத் தருவதும் அதுவே. பயிற்சி அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. டம்மி தோட்டாக்கள் நிஜத் தோட்டாக்களோடு கலந்துவிடாதபடி வேறு நிறத்தில் இருக்க வேண்டும். இலக்கின் பின்னால் குண்டு துளைக்க முடியாத பொருள் இருக்க வேண்டும். புள்ளி 22 வகைத் துப்பாக்கிகளை வெறுமையாகச் சொடுக்கக் கூடாது, பல மாதிரிகளில் ஊசி, தோட்டா அறையின் விளிம்பில் மோதிப் பழுதாகும். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டினால் கவனம் சிதறும். முடித்ததும் "பயிற்சி முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி, இலக்கைக் கழற்றி, அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். இது சடங்குபோலத் தோன்றலாம். ஆனால் தோட்டாவை நிரப்பிய பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பழக்கத்தில் உருவிச் சொடுக்கியவர்களின் கதைகள் சுடுதளங்களில் அடிக்கடி கேட்கக் கிடைப்பவை. நிரப்பும் வேலையைக் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே செய்யுங்கள்.

பழக வேண்டியது விசையை அழுத்தும் விதம். ஸ்லைடின் முன்முனையில் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் விசையைச் சொடுக்கப் பழகினால் போதும். வேறு பல நுணுக்கங்களைவிட இது பயன் தரும். பார்வை, குழல்வாய்ப் பக்கமுள்ள முன்குறியில் கூர்மையாக நிற்க வேண்டும், இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதே சரி. சுடுதளத்தில், மேகசினில் எந்த இடத்தில் என்று தெரியாதபடி டம்மி தோட்டா ஒன்றை வேறொருவரைக் கொண்டு கலந்து நிரப்பச் சொல்லுங்கள். அது வரும்போது வெடிப்பு இல்லாமலே குழல்வாய் கீழே குனிந்தால், குண்டு தாழப் போவதற்குக் காரணம் துப்பாக்கி அல்ல, அதிர்வை எதிர்பார்க்கும் கை.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், பயிற்சியின்போது, குழல்வாயை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடிகள் காத்திருந்த பிறகுதான் தோட்டா அறையைத் திறக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றியிருக்கலாம். சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று கேட்டால் உடனே நிறுத்துங்கள், ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். அடுத்த குண்டு அதன் மீது மோதினால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

கைத்துப்பாக்கியின் வெடியொலி 150 டெசிபலைத் தாண்டும். ஒரே ஒரு வெடிகூடக் கேட்கும் திறனை நிரந்தரமாகக் குறைத்துவிடலாம். கூரையுள்ள தளத்தில் காதடைப்பானையும் அதன் மேல் காதுமூடியையும் சேர்த்து அணிவது நல்லது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உள்ளது. அதன் தூள் கையிலும் ஆடையிலும் படிந்து வீடு வரை வரும். சுட்டதும், சுத்தம் செய்ததும், எதையும் தின்பதற்கு முன் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கையையும் முகத்தையும் கழுவி, அந்த ஆடைகளைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும்.

எத்தனை தோட்டா சுட்டோம், எது சிக்கியது, எந்த மேகசினில் சிக்கியது என்பதை ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கைப் பெரிய துப்பாக்கிகளில் 3,000 முதல் 5,000 தோட்டாக்களுக்கு ஒரு முறையும், சிறியவற்றில் அதற்கு முன்பாகவும் மாற்றுவது பொதுவான வழக்கம்; உங்கள் மாதிரிக்கு உரிய எண்ணிக்கையைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். பழைய துப்பாக்கியை வாங்கியதால் இதுவரை எத்தனை சுடப்பட்டது என்று தெரியாவிட்டால், புதிய ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, அந்தத் தேதியை நோட்டின் முதல் வரியாக எழுதி அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.